பரீட்சை பாக்கியும் பீசா கோபுரமும்

ஊர் சுற்றக் கிளம்பும் மாணவர்களில் பல இனம் உண்டு. கண்ணில் படுகிற கல்லையெல்லாம் படம் பிடித்துவிட்டுக் கல்லைப் பார்க்காமலே போகிறவன் ஒரு இனம். மத்தியானச் சாப்பாட்டைத் தியாகம் செய்து ஏழு அருங்காட்சியகம் ஏறி இறங்கி, எட்டாவதில் பெஞ்சைக் கண்டதும் தூங்கிவிடுகிறவள் இன்னொரு இனம். இவர்களைப் பற்றி வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். இன்று நான் உங்களுக்குக் காட்டப்போவது இத்தாலி மண்ணில் செழித்து வளர்கிற ஒரு தனி இனம். பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு பரீட்சை பாக்கி வைத்திருக்கிற பயணி.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். புது ஊரில் இறங்கியதும் மற்றவர்கள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இவன் பார்க்கக் கூடாதது என்ன இருக்கிறது என்று கேட்பான். எங்கள் பக்கத்துக் கல்லூரி ஊர்கள் அப்படி. ஒரு ஊரில் இரண்டு கல் சிங்கங்களுக்கு நடுவே நடந்தால் பட்டம் கிடைக்காது. இன்னொரு ஊரில் சதுக்கத்தைக் குறுக்கே கடந்தால் கிடைக்காது. பொலோஞாவில் உயரக் கோபுரத்தில் ஏறினால் கிடைக்காது. பீசாவிலோ, உலகமே விமானம் ஏறி வந்து பார்க்கிற அந்தச் சாய்ந்த கோபுரத்தில் ஏறினால் கிடைக்காது. இந்தச் சட்டங்களைப் போட்டது யார்? தெரியாது. மீறியதால் பட்டம் போனவன் யாராவது உண்டா? அதுவும் தெரியாது. கேட்டுப் பாருங்கள், இந்த இனத்தார் அத்தனை பேரும் தோளைக் குலுக்கிக்கொண்டு இரண்டே வார்த்தை சொல்வார்கள்.

"எதுக்கும் இருக்கட்டும்."

பொலோஞாவில் சட்டம் படித்த கொசிமோவை எடுத்துக்கொள்வோம். ஐந்து வருஷப் படிப்பில் ஏழாவது வருஷம். நிர்வாகச் சட்டம் ஒன்றுதான் பாக்கி. நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற பரீட்சை. கேட்கிறவர் பேராசிரியர் பெஞ்சிவெங்கா. மூன்று முறை அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முதல் முறை விழுந்ததற்குக் காரணம், யாரோ அவன் கட்டில்மேல் தொப்பியை வைத்துவிட்டார்கள். இரண்டாம் முறை, மிலானிலிருந்து சித்தி போன் செய்து "நல்லபடியா பண்ணுடா" என்று வாழ்த்தித் தொலைத்தாள். இங்கே அப்படி நேரடியாக வாழ்த்தினால் போச்சு. "ஓநாய் வாய்க்குள்ளே போ" என்று சொல்ல வேண்டும், "சாகட்டும் ஓநாய்" என்று பதில் சொல்ல வேண்டும், அதுதான் முறை. மூன்றாம் முறை விழுந்ததற்குக் காரணம் குழம்பில் கிடந்த ஒரு பிரிஞ்சி இலை. மூன்று முறையும் அவன் பாடப் புத்தகத்தின் மூன்றாம் பாகத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

பிரிஞ்சி இலை என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். பட்டம் வாங்கிய அன்று தலையில் ஒரு இலைக் கிரீடம் வைப்பார்கள். அது நீங்கள் பிரியாணியில் எடுத்து ஓரம் வைக்கிற அதே இலை. ஆகவே கொசிமோவின் சித்தாந்தம், பட்டத்துக்கு முன்னால் அது தலையில் ஏறவும் கூடாது, வயிற்றில் இறங்கவும் கூடாது.

போன மாதம் மஃபால்டாவுக்குப் பட்டம் கிடைத்தது. மஃபால்டா வேதியியல்காரி, ஐந்து வருஷமாக அதே வீட்டில் அடுத்த அறை, ஒரே சமையலறை. கிரீடமும் தலையுமாக அவள் படியிறங்கி வந்தபோது நண்பர்கள் எல்லாரும் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டார்கள். கொசிமோ என்ன செய்தான்? இலை மேலே பட்டுவிடப் போகிறதே என்று மூன்றடி தள்ளி நின்று, கையை எட்டும்வரை நீட்டிப் பூங்கொத்தைக் கொடுத்தான். அவளை உயிராக நேசிக்கிறவன் அவன்தான். அதை இரண்டு வருஷமாகச் சொல்ல வாயெடுத்து, ஒவ்வொரு தடவையும் "பரீட்சை முடியட்டும்" என்று விழுங்கியவனும் அவன்தான்.

இப்போது மஃபால்டாவுக்கு ராட்டர்டாமில் வேலை. திங்கட்கிழமை கிளம்புகிறாள். அவனுக்குச் செவ்வாய்க்கிழமை பரீட்சை. அதற்கு முன்னால் மிஞ்சியது ஒரே ஒரு சனிக்கிழமை. "அஞ்சு வருஷத்துல நாம சேர்ந்து ஒரு ஊருக்கும் போனதில்ல. சனிக்கிழமை பீசா போறோம்" என்று அவளே சொல்லிவிட்டாள். அன்றைக்குச் சொல்லியே தீருவது என்று கொசிமோ முடிவு கட்டினான். பையில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழ அளவு சிவப்புக் கொம்பு ஒன்று, அபசகுனம் நேர்ந்தால் தொட ஒரு இரும்புச் சாவி, திறக்காத மூன்றாம் பாகம் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ரயிலில் அவனுக்கு வாய்த்தது பதினேழாம் எண் இருக்கை. பதினேழு என்றால் இங்கே பெரிய மனிதர்களே முகம் சுளிப்பார்கள். பரீட்சை பாக்கிக்காரன் உட்காருவானா? ஃபுளோரன்ஸில் வண்டி மாறும் வரைக்கும் கழிப்பறைக் கதவருகே நின்றுகொண்டே வந்தான். மஃபால்டா அவன் இருக்கையில் தன் பையை வைத்து, பைமேல் காலை நீட்டி, நிம்மதியாகத் தூங்கினாள்.

பீசாவில் இறங்கி ஆற்றுப் பாலத்துக்கு வருவதற்குள் வழக்கமான விசாரணை தொடங்கிவிட்டது. பாலத்து முனையில் தக்காளி விற்ற அம்மாவிடம் போய் நின்றான்.

"அம்மா, இந்த ஊர்ல படிக்கிற பசங்க செய்யக் கூடாதது என்னென்ன இருக்கு?"

"கோபுரத்துல ஏறக் கூடாதும்பாங்க."

"அது தெரியும். வெளியூர்ப் பசங்களுக்கும் அது உண்டா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் தக்காளி விக்கிறேன்."

"வேற எதுவும்?"

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். காலை வியாபாரம் மந்தம், வெயிலும் இதமாக இருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் சொன்னாள்: "இந்தப் பாலத்தைப் பின்பக்கமாவே நடந்து கடக்கணும். திரும்பிப் பாக்காம. நேரா நடந்தா பரீட்சை போச்சு, இப்படி நடந்தா பாஸ்."

"இது நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

"வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றதில்ல கண்ணு."

மஃபால்டா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டேய், அவங்க உன்னை ஓட்டுறாங்கடா."

"இருக்கலாம். எதுக்கும் இருக்கட்டும்."

பட்டப்பகலில், சனிக்கிழமைக் கூட்டத்தில், ஆறடி உயரச் சட்ட மாணவன் ஒருவன் முதுகை முன்னால் விட்டுப் பாலத்தைக் கடந்தான். நாய்க்குட்டியோடு வந்த ஒருவர் ஒதுங்கினார். சைக்கிள்காரன் ஒருவன் அவனுடைய பரம்பரையையே திட்டிக்கொண்டு வளைந்து போனான். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த மாணவக் கும்பல் ஒன்று தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. மஃபால்டா கூடவே நேராக நடந்துவந்து, "இடது பக்கம் வண்டி, வலது பக்கம் கம்பம்" என்று அறிவித்துக்கொண்டு வந்தாள். திட்டினாளே தவிர, விட்டுவிட்டுப் போகவில்லை. அதை அவன் கவனித்திருக்க வேண்டும். எங்கே! அவன் எதிர்ப்பக்கம் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தான்?

சாப்பாட்டுக் கடையில் இன்னொரு கண்டம். இங்கே ஒரு பட்டம் வாங்கினாலே பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுவிடுவார்கள். பரிமாறுகிறவர்கள் மூக்குக் கண்ணாடி போட்டவனையெல்லாம் மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவது வழக்கம்.

"வாங்க டாக்டர், உக்காருங்க! அவரைக்காய் சூப் இன்னிக்கு அருமையா இருக்கு."

கொசிமோ தீயை மிதித்தவன் மாதிரி எழுந்தான். "நான் டாக்டர் இல்லீங்க!"

"அட, ஆயிடுவீங்க டாக்டர்."

"சொல்லாதீங்க!" என்று பைக்குள் கையை விட்டு இரும்புச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சூப் வந்தது. கரண்டியால் கிளறினான். அடியில், சந்தேகமே இல்லை, பிரிஞ்சி இலை. தட்டை மஃபால்டா பக்கம் தள்ளினான். அவள் இரண்டு தட்டையும் காலி செய்துவிட்டு, இலையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து, அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவன் ரொட்டியைக் கடித்தான்.

இத்தனைக்கும் நடுவில் சொல்ல வேண்டியதைச் சொன்னானா? இல்லை. ஆற்றங்கரையில் சொல்லலாம் என்று நினைத்தான், கறுப்புப் பூனை வந்தது. தேவாலயத்து வாசலில் சொல்லலாம் என்று நினைத்தான், அங்கே பல்லி இருந்தது.

அந்தப் பல்லி வெண்கலக் கதவில் செதுக்கியிருக்கிற சின்ன உருவம். பரீட்சைக்கு முன்னால் தொட்டால் நல்லது என்று தலைமுறை தலைமுறையாகத் தேய்த்ததில், கதவு முழுக்கக் கறுத்துக் கிடக்க, பல்லி மட்டும் பளபளக்கும். கொசிமோ வலது கையால் தொட்டான். போதாதென்று இடது கையால் தொட்டான். போதாதென்று மூன்றாம் பாகத்தை வெளியே எடுத்து அதன் அட்டையைப் பல்லிமேல் தேய்த்தான். அந்தப் புத்தகம் அவன் கையில் அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை.

மணி ஐந்தடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. கோபுரத்தடியில் மஃபால்டா இரண்டு சீட்டை எடுத்துக் காட்டினாள்.

"அஞ்சு மணிக்கு ஏறுறோம். ரெண்டு பேரும்."

அவன் இரண்டடி பின்வாங்கினான். "பரீட்சை இருக்கு மஃபால்டா."

"நீ பொலோஞா பையன்டா! இது பீசா பசங்களுக்குப் போட்ட சட்டம்."

"அப்படின்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"ஏறக் கூடாதுன்னு மட்டும் எழுதியிருக்கா?"

"எழுதாத சட்டம்தான் ரொம்பக் கடுமையானது. வழக்காறுன்னு அதுக்குப் பேரு."

"ஓ! அது எந்தப் பாகத்துல வருது?"

"மூணாவதுல."

"படிச்சியா?"

கொசிமோ கோபுரத்தைப் பார்த்தான். கோபுரமும் தலையைச் சாய்த்து, பதிலுக்குக் காத்திருப்பது போலத்தான் நின்றது.

மஃபால்டா சிரிக்கவில்லை. "மேல உங்கூட நிக்கணும்னு ஆசைப்பட்டேன். திங்கக்கிழமைக்கு அப்புறம் அந்தச் சமையலறையும் கிடையாது, நீயும் கிடையாது. பரவால்ல. நீ உன் பல்லியோட இரு." ஒரு சீட்டை அவன் கையில் திணித்துவிட்டு வரிசைக்குப் போய்விட்டாள்.

கொசிமோ சீட்டும் கையுமாக நின்றான். அப்படியே புல்லில் உட்கார்ந்தான். சுற்றிலும் உலகத்து மக்கள் வெறும் காற்றில் கையை நீட்டிக் கோபுரத்தைத் தாங்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் காலை நீட்டிச் சாய்ந்திருந்த ஒரு தாடிக்காரர், கையிலிருந்த கடலைமாவு அடையில் பாதியைப் பிய்த்து அவனிடம் நீட்டினார்.

"பரீட்சை பாக்கியா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சீட்டு கையில வச்சுக்கிட்டுக் கீழ உக்காந்திருக்கியே. நான் நெல்லோ. கால்நடை மருத்துவம். குதிரை பாக்கி."

"எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு. ஆனா ஒண்ணு சொல்லணும் தம்பி, இந்தப் பன்னெண்டு வருஷத்துல ஒரு தப்புப் பண்ணினதில்ல. ஏறினதில்ல. கோபுர நிழலைக்கூட மிதிச்சதில்ல." அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். மாதவாரியாக, மணிவாரியாக, நிழல் எங்கே விழும் என்ற அட்டவணை. நுணுக்கமான கையெழுத்து. அந்த உழைப்பில் பாதியைக் குதிரைக்குச் செலவிட்டிருந்தால் நாட்டில் ஒரு நோஞ்சான் குதிரை மிஞ்சியிருக்காது.

"பட்டம் வருமா?" என்று கொசிமோ மெல்லக் கேட்டான்.

"வராம எங்க போகும்? தப்பே பண்ணலையே!"

"கல்யாணம்?"

"ஒருத்தி இருந்தா. ஒருநாள் மேல வான்னு கூப்பிட்டா. பரீட்சை முடியட்டும்னேன்." நெல்லோ அடையை மென்றார். "இப்ப லிவோர்னோவுல இருக்கா. ரெண்டு குழந்தை. பெரியவன் என்னை மாமான்னுதான் கூப்பிடுவான், நல்ல பையன்." பிறகு உபசாரமாகக் கொஞ்சம் நகர்ந்து, புல்லைத் தட்டிக் காட்டினார். "நல்லா சாஞ்சு உக்காரு தம்பி. இங்க நிழல் ஏழு மணி வரைக்கும் வராது."

அவர் தட்டிக் காட்டிய இடத்தில் புல் ஏற்கெனவே தேய்ந்து, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குப் பள்ளமாக இருந்தது. கொசிமோ அதைப் பார்த்தான். மறுகணம் அடையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடினான்.

வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "அஞ்சு மணிச் சீட்டா? எல்லாரும் ஏறியாச்சு. அதோட பையை எடுத்துக்கிட்டு மேல போகக் கூடாது."

பையில்தான் கொம்பு இருந்தது. பையில்தான் சாவி இருந்தது. கொசிமோ ஒரு வினாடி தயங்கிவிட்டு, பையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டான்.

"மேல ஒரு பொண்ணு நிக்கிறாங்க. திங்கக்கிழமை ராட்டர்டாம் போறாங்க."

"ராட்டர்டாமா? எப்பப் பாரு மழையாச்சே!" காவலாளிக்கு மனசு இளகிவிட்டது. "உனக்குப் பரீட்சை வேற இருக்கு போல. மூஞ்சியிலயே தெரியுது. ஓடு, ஓடு. ஓநாய் வாய்க்குள்ளே போ!"

"சாகட்டும் ஓநாய்!" என்று கத்திக்கொண்டே ஏறினான்.

தேய்ந்த பளிங்குப் படிகள் இருநூற்றுச் சொச்சம். கோபுரம் சாய்ந்திருப்பதால் ஏறுகிறவனை ஒரு சுற்றில் இந்தச் சுவரும் மறுசுற்றில் அந்தச் சுவரும் இழுக்கும். பதினேழாம் படியை மட்டும் தாண்டிக் குதித்தான். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

உச்சியில் மணிகளுக்குப் பக்கத்தில் மஃபால்டா மலைப்பக்கம் பார்த்து நின்றாள். இரண்டு வருஷமாக மனப்பாடம் செய்திருந்த பேச்சு அவனுக்கு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. மூச்சு வாங்கியது. வாயில் இன்னும் கடலைமாவு.

"நீ போகாதேன்னு சொல்ல வரல. நீ போ. நான் வரேன். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும் மஃபால்டா. ரெண்டு வருஷமா."

அவள் நிதானமாகத் திரும்பினாள். "இதை நம்ம சமையலறையிலயே சொல்லியிருக்கலாமேடா?"

"எப்படிச் சொல்றது? அடுப்புக்கு மேல நீ பிரிஞ்சி இலைக் கொத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தியே!"

மஃபால்டா சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "நானும் ஒண்ணு சொல்லணும். பொலோஞாவுல கோபுரம் இருக்கே, அதுல நான் ஏறியிருக்கேன்."

"பட்டம் வாங்கினப்புறமா?"

"வந்த முதல் வாரத்துல."

கொசிமோ கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "எத்தனை பரீட்சையில விழுந்த?"

"ஒண்ணுலயும் விழல."

"அஞ்சு வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எம்பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருப்பியா?"

அவன் நேர்மையாக யோசித்துப் பார்த்தான். "மாட்டேன்."

"அதான்." அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை பாஸ் பண்ணினா வா. விழுந்தாலும் வா. ஆனா அந்த மூணாம் பாகத்தைப் படி, மனுஷா."

இந்த இடத்தில் கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். கொசிமோ திருந்திவிட்டான் என்று நீங்களும் நிம்மதியாகப் போவீர்கள். ஆனால் ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் அதே பாலம் இருந்ததே!

அந்தி வெளிச்சத்தில் நான்கு மாணவர்கள் பாலத்தைப் பின்பக்கமாகவே நடந்து கடந்துகொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் கையில் ஐஸ்கிரீம். மஃபால்டா ஓடிப்போய் ஒருத்தியை நிறுத்திக் கேட்டாள், எதற்கு இப்படி நடக்கிறீர்கள் என்று.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "பரீட்சைக்கு நல்லதுங்க. இந்த ஊர்ல நூத்தம்பது வருஷமா இருக்கற வழக்கம்."

கொசிமோ மஃபால்டாவைப் பார்த்து, வழக்கில் ஜெயித்த வக்கீலைப் போல இரண்டு கையையும் விரித்தான். "பாத்தியா? நான்தான் சொன்னேனே!"

திரும்பும் ரயிலில் அவள் அவனைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு பொலோஞா வரும்வரை கேள்வி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமையலறையில் உட்காரவைத்துக் கேட்டாள். திங்கட்கிழமை காலை விமான நிலையத்தில், அழுதுகொண்டே, அத்தியாயம் பதினொன்றைக் கேட்டாள். செவ்வாய்க்கிழமை பெஞ்சிவெங்கா கேட்டது மூன்று கேள்வி. மூன்றும் மூன்றாம் பாகத்திலிருந்து. முப்பதுக்கு இருபத்தாறு.

வெளியே வந்ததும் கொசிமோ ராட்டர்டாமுக்குப் போன் செய்தான். "மஃபால்டா! பாலம் வேலை செஞ்சிடுச்சு!"

அவள் போனை வைத்துவிட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து, சிரித்து ஓய்ந்தபின், அவளே திரும்பக் கூப்பிட்டாள். ஜூலையில் அவன் தலையில் இலைக் கிரீடத்தோடு போய் இறங்கியபோது, அதிலிருந்து முதல் இலையைப் பிய்த்து சூப்பில் போட்டாள். அவன் இரண்டு தட்டு குடித்தான்.

இன்றும் பொலோஞாவில் பரீட்சை பாக்கியோடு யாராவது அகப்பட்டால் கொசிமோ தனியே அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்கிறான். சனிக்கிழமை பீசா போ. பாலத்தைப் பின்பக்கமாக நடந்து கட. பல்லியைப் புத்தகத்தால் தொடு. பிறகு ஐந்து மணிக்குமேல், பை இல்லாமல், வாயில் கடலைமாவு அடையோடு, கோபுரத்தில் ஏறு. ஏறலாமா என்று பையன்கள் பதறினால், "அடை வாயில இருந்தா ஏறலாம்" என்கிறான். அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். காஞ்சிபுரத்தில் வரிசையில் நின்று தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்த கைதானே இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? விடைத்தாளின் தலையில், கேள்வியைக்கூடப் படிக்காமல், நீங்கள் முதலில் போட்ட சுழி எது? மூன்றாம் பாகத்தையா முதலில் திறந்தீர்கள்?

போகட்டும், நாம் ஒரே இனம், நமக்குள் என்ன ஒளிவுமறைவு. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையைக் கடைசி வரிக்கு முன்னால் மூடிவைத்தால் கையில் இருக்கிற காரியம் இழுத்தடிக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பொய்தான், இப்போதுதான் நானே கட்டிவிட்டேன். அதனால் நீங்கள் தாராளமாக இங்கேயே மூடிவிடலாம்.

மூடவில்லை, பார்த்தீர்களா? எதற்கும் இருக்கட்டும் என்றுதானே?